தையலைவிடப் புழுக்கையைப் பாருங்கள்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு கினி பிக்கைத் தேற்றும் வழி

எங்கள் வீட்டுக் கினி பிக் செம்பிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நாலு வயது. இரண்டு பக்கச் சினைப்பையிலும் நீர்க்கட்டி. வயதான பெண் கினி பிக்குகளுக்கு அடிக்கடி வருவதுதான். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தையலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, கசிவு இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் கூண்டில் விரித்த வெள்ளைத் துண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. புல் வைத்தது வைத்தபடி கிடந்தது. செம்பி மூலையில் முதுகைக் குவித்து, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது.

அன்று ஓடிய ஓட்டத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை இந்த நிலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: காயம் பெரும்பாலும் ஆறிவிடும். உயிருக்கு ஆபத்து, குடல் நின்றுபோவதில் இருக்கிறது. அதைத் தடுக்கிற வேலையில் பெரும்பங்கு மருத்துவமனையில் இல்லை, வீட்டில்தான் நடக்கிறது.

குடல் ஏன் நிற்கிறது

ஆடு மாடுகளுக்கு முன்வயிற்றில் நடக்கிற நொதித்தல் வேலை கினி பிக்குக்குப் பின்குடலில் நடக்கிறது. சீக்கம் என்கிற பெரிய பை அதன் வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதில் வாழும் நுண்ணுயிரிகள்தான் புல்லின் நாரைச் செரிக்கின்றன. அந்தப் பைக்குள் புது நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் நகரும். அதனால்தான் இந்தப் பிராணி இரவு பகல் பாராமல் எதையாவது மென்றுகொண்டே இருக்கிறது.

வலி, மயக்க மருந்து, புது இடத்தின் பயம் மூன்றும் சேர்ந்தால் பசி போய்விடும். சாப்பாடு குறைந்தால் குடல் மெதுவாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழல் ஒரு நாளுக்குள் மோசமாகிவிடும். கொழுத்த கினி பிக்காக இருந்தால் பட்டினியில் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படிகிற ஆபத்தும் உண்டு. நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். கினி பிக் அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி. நோவை வெளியே காட்டாது. நமக்குத் தெரிகிற அளவுக்குச் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், உள்ளே நிறைய நேரமாகவே கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்ய வேண்டியவை

சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடுங்கள். தனியார் மருத்துவமனைகளில் நாய், பூனை மட்டுமே பார்ப்பவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்: கினி பிக்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் யார், அவர் எந்த நாளில் இருப்பார்?

டாக்டரிடம் மூன்று கேள்வி கட்டாயம் கேளுங்கள். முதலாவது, பட்டினி. எனக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து, "முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்று போனில் சொன்னார்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்கிற வழக்கமான வார்த்தை அது. மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. கினி பிக்கால் வாந்தி எடுக்கவே முடியாது. வாயில் மென்ற புல் தங்கியிருக்கக் கூடாது என்பதற்காகக் கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் சாப்பாட்டை எடுத்தால் போதும். ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால், கத்தி படுவதற்கு முன்பே குடல் மந்தமாகிவிடும்.

இரண்டாவது, ஆன்டிபயாட்டிக். பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். நாலைந்து நாளில் உயிரே போகலாம். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவைதான் வழக்கமாகக் கொடுப்பது. சீட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துப் பார்த்து, "டாக்டர், இது பென்சிலின் வகையா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, வீட்டுக்கு வலி மருந்து தருவார்களா, எத்தனை நாளுக்கு?

அப்புறம் வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு ஐந்தாறு, 5 மில்லி சிரிஞ்சு இரண்டு, வெளிர் நிறத்தில் பழைய துண்டுகள், திமோத்தி ஹே என்று விற்கும் காய்ந்த புல், சாப்பிடாத பிராணிக்குக் கரைத்து ஊட்டுகிற நோயாளி உணவுப் பொடி. ஆக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கேர் பரவலாகப் பயன்படுவது. ஆன்லைனில் வரவழைக்க நாளாகும் என்பதால் தேதி குறித்ததுமே சொல்லிவிடுங்கள். நெல் வைக்கோல் இந்தப் புல்லுக்கு ஈடாகாது, அதில் சத்து குறைவு. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் பின்னால் ரொம்ப உதவும்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி

மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துண்டு விரியுங்கள். தூள் தையலில் ஒட்டாது, புழுக்கையும் சிறுநீரும் பளிச்சென்று தெரியும். மேல்தட்டு, சாய்வுப் பலகை இருந்தால் எடுத்துவிடுங்கள். மயக்கம் தெளிகிற நேரத்தில் உடம்பு சில்லென்று ஆகும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது நகர்ந்துபோக மறுபக்கம் இடம் வேண்டும். உடம்பு பழைய சூட்டுக்கு வந்ததும் கவலை தலைகீழாக மாறிவிடும். இது ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பிராணி. 18 முதல் 24 டிகிரிதான் அதற்கு இதம். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் வைக்காதீர்கள்.

துணைக் கினி பிக் இருந்தால் வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். செம்பியின் துணை சிட்டு. நடுவில் ஒரு கம்பித் தட்டி மட்டும் வைத்தேன். சிட்டு மறுபக்கத்தில் புல் மெல்லும் சத்தம் கேட்டதும் செம்பியின் மூக்கு அசையத் தொடங்கியது. ஒன்று சாப்பிட்டால் இன்னொன்றுக்கும் ஆசை வரும், அந்த இயல்பை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சாப்பாட்டை எட்டும் தூரத்தில், மூக்குக்கு முன்னாலேயே வையுங்கள். தண்ணீர் பாட்டிலோடு ஒரு சின்னக் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். வயிற்றுத் தையலோடு தலையைத் தூக்கிப் பாட்டிலில் குடிக்கக் கஷ்டமாக இருக்கும்.

புழுக்கையைப் படிப்பது

நல்ல புழுக்கை நிலக்கடலைப் பருப்பு அளவில், நீள்வட்டமாக, பழுப்பு நிறத்தில், கொஞ்சம் ஈரப்பசையோடு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குடல் மந்தமானால் அளவு சுருங்கும். மிளகு மாதிரி சின்னதாக, கறுப்பாக, காய்ந்து வரும். ஒரு முனை கூராகக் கண்ணீர்த் துளி வடிவில் வரலாம், மயிரில் கோத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியும் வரலாம். பிறகு ஒன்றுமே வராது.

இதில் புதியவர்கள் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. இன்று வருகிற புழுக்கை பெரும்பாலும் நேற்றுச் சாப்பிட்டதுதான். அதனால் அறுவை சிகிச்சை நாளன்று நிறைய வந்திருக்கும், மறுநாள் குறையும். அதேபோல இன்று நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாலும், அதற்கான புழுக்கை வர நாளைவரை ஆகலாம். எனவே புழுக்கையை மட்டும் நம்பாமல் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மில்லி ஊட்டினீர்கள், எத்தனை புழுக்கை வந்தது, காலையில் எடை எவ்வளவு. செம்பியின் நோட்டில் 912 என்று தொடங்கிய எடை 886, 871, 869 என்று இறங்கி, நாலாம் நாள் 880 என்று ஏறியது. முதல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள்.

வலி மருந்தை விடாதீர்கள்

பெரும்பாலும் மெலாக்சிகாம் சொட்டு மருந்து கொடுப்பார்கள். மருத்துவமனையில் புப்ரெனார்ஃபின் போட்டிருக்கலாம். இரண்டாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மருந்துதான். வலி திரும்பினால் முதலில் நிற்பது வாய், அடுத்தது குடல். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். பல்லை நறநறவென்று கடிப்பது, தொட்டால் வயிற்றை இறுக்குவது, முகத்தைச் சுவரோரம் திருப்பிக்கொண்டு உட்காருவது எல்லாம் வலியின் அடையாளம். நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

குடலைத் தூண்டும் மெட்டோகுளோபிரமைடு போன்றவற்றை டாக்டர் எழுதித் தரலாம். குடலில் அடைப்பு இருந்தால் இவை ஆபத்து. அதனால் டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

சிரிஞ்சில் ஊட்டுவது

இதுதான் மொத்தப் பராமரிப்பின் நடு வேலை. இதைக் கற்றுக்கொண்டால் பயம் பாதி போய்விடும். வயிறு கல் மாதிரி உப்பியிருந்தால் மட்டும் ஊட்டாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கலக்கிச் சில நிமிடம் விடுங்கள். பொடி ஊறித் தடிக்கும். தளர்ந்த கூழ்ப் பதம் வரும்வரை தண்ணீர் சேருங்கள். பொடி கையில் இல்லாத அவசரத்துக்கு, கலர்த் துண்டும் விதையும் கலக்காத சாதாரண கினி பிக் பெல்லட்டை (கடையில் விற்கும் காய்ந்த தீவனத் துண்டு) மிக்ஸியில் உலர்வாக அரைத்து, சலித்து, வெந்நீரில் ஊறவைத்துக்கொள்ளலாம். சலிக்காவிட்டால் நுனியில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க வேகமாக அழுத்தினால் ஒரே மூச்சில் தொண்டைக்குள் பீய்ச்சிவிடும். 1 மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டி வாயை அகலமாக்குவதுண்டு. வெட்டினால் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

அளவு: தானாக எதுவும் சாப்பிடாத கினி பிக்குக்கு ஒரு நாளைக்கு, கிலோ எடைக்கு 50 முதல் 80 மில்லி கூழ். 900 கிராம் உள்ளதற்கு 45 முதல் 70 மில்லி. அதை ஆறாகப் பிரித்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், நடுராத்திரியிலும்தான். முதல் வேளை மூன்று நாலு மில்லி போதும், அப்புறம் கூட்டிக்கொண்டு போகலாம்.

உட்காரும் விதம் முக்கியம். மடியில் துண்டை விரித்து, நாலு காலும் கீழே பதிய உட்காரவையுங்கள். துண்டைத் தோளைச் சுற்றி மட்டும் மடித்துக் கொண்டுவாருங்கள், தையல் இருக்கும் வயிற்றை இறுக்காதீர்கள். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்தால் கூழ் மூச்சுக்குழாயில் போய்விடும். இடது உள்ளங்கையைத் தலைக்குப் பின்னால் அணைத்துப் பிடியுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. வாயின் ஓரமாகச் சிரிஞ்சை அந்த இடைவெளியில் நுழையுங்கள். நேராக முன்பல் வழியே குத்தாதீர்கள். அரை மில்லி அழுத்திவிட்டு நிறுத்துங்கள். தாடை அசைவது தெரியும். அது மென்று விழுங்கும்வரை கை அசையக் கூடாது. மெல்லாமல் வாயில் வைத்திருந்தால் இன்னும் ஊற்றாதீர்கள். இருமினால் நிறுத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, மூச்சு சீராகும்வரை பொறுத்திருங்கள்.

முதல் வேளை செம்பி பாதியைத் துப்பியது. என் சட்டை, துண்டு, அதன் தாடி எங்கும் பச்சைக் கூழ். நாற்பது நிமிடத்தில் உள்ளே போனது நாலு மில்லி இருக்கும். நீங்களும் துப்பியதைக் கழித்துத்தான் கணக்கு எழுத வேண்டும். முடிந்ததும் ஒரு மில்லி தண்ணீர் கொடுத்து வாயை அலசி, ஈரத்துணியால் தாடையைத் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் தோல் புண்ணாகும்.

சி வைட்டமினும் ஆசை காட்டும் தழையும்

மனிதர்களைப் போலவே கினி பிக்கின் உடம்பும் சி வைட்டமினைத் தானாகத் தயாரிக்காது. அது குறைந்தால் காயம் ஆறுவதும் தாமதமாகும். சாதாரண நாளில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். உடம்பு சரியில்லாதபோது 30 முதல் 50 வரை கொடுப்பார்கள். டாக்டர் சொல்லும் சொட்டு மருந்தை நேராக வாயில் கொடுங்கள். குடிதண்ணீரில் கலந்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும், ருசி மாறித் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடவும் கூடும்.

மல்லித்தழை, மெல்லியதாக நறுக்கிய சிவப்புக் குடைமிளகாய் இரண்டும் நல்லது. முட்டைகோஸ், காலிஃபிளவர் இப்போது வேண்டாம், வாயு சேரும். பழமும் கேரட்டும் இனிப்பு அதிகம், குடல் சரியாகும்வரை தள்ளி வையுங்கள். பரிதாபப்பட்டுத் தயிர்சாதம், பிஸ்கட், பால் எதுவும் கொடுக்காதீர்கள். ஓம வாட்டர் போன்ற கைவைத்தியமும் வேண்டாம்.

செம்பி தானாக முதலில் கடித்தது அறுகம்புல். பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி, நாலைந்து தண்ணீரில் அலசி, ஈரம் வடியவிட்டு, ஒரே ஒரு இழையை மேலுதட்டில் உரசினேன். முதலில் தலையைத் திருப்பியது. மறுபடி உரசியபோது நுனியைப் பல்லில் பிடித்தது. இழை கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று வாய்க்குள் போனது. பழகாத கினி பிக்குக்கு இரண்டு மூன்று இழைக்கு மேல் கொடுக்காதீர்கள். மருந்தடித்த இடத்துப் புல்லை எடுக்காதீர்கள்.

நடமாட்டம், தையல்

மயக்கம் முழுசாகத் தெளிந்து, டாக்டரும் சம்மதித்தால், தரையில் விட்டுப் பத்து நிமிடம் மெதுவாக நடக்கவிடுங்கள். நடந்தால் வாயு நகரும். வயிற்றை நீவிவிடச் சிலர் சொல்வார்கள். வயிற்றில் தையல் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

தையலைக் காலை மாலை ஒருமுறை பார்த்தால் போதும். சிவப்பு பரவுவது, வீக்கம், சீழ், தையல் பிரிவது தெரிந்தால் காட்டுங்கள். மஞ்சள், களிம்பு எதையும் பூசாதீர்கள், நக்கி விழுங்கிவிடும். ஈ உட்கார்ந்து முட்டையிட்டுவிடக் கூடாது என்பதால் கூண்டுமேல் கொசுவலை போடுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லுங்கள். கினி பிக் தன் மென்மையான புழுக்கைகளைப் பின்பக்கத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டு, குடலுக்குத் தேவையான சத்தையும் நுண்ணுயிரியையும் திரும்பப் பெறுகிறது. கூம்பு அதைத் தடுக்கும். ஆண் கினி பிக்குக்கு விதை நீக்கியிருந்தால், ஆறு வாரத்துக்குப் பெண்ணோடு சேர்க்காதீர்கள், அதுவரை குட்டி உண்டாக வாய்ப்பு இருக்கிறது.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

வயிறு மத்தளம் மாதிரி இறுகி, தட்டினால் வெற்றொலி கேட்டால், ஊட்டுவதை அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். இரைப்பை உப்பியிருக்கலாம், முறுக்கிக்கொண்டும் இருக்கலாம். காலைவரை காத்திருந்தால் தாங்காது. தண்ணீராகப் பேதி போவதும் அதே அளவு அவசரம். காதும் பாதமும் சில்லென்று ஆவது, பக்கவாட்டில் சாய்ந்து படுப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஊட்டியும் அரை நாளாகப் புழுக்கையே இல்லாதது இவையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று பகலிலேயே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள்.

ஊட்டுவதை எப்போது குறைப்பது

தானாகப் புல் மெல்ல ஆரம்பித்ததும் சிரிஞ்சைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முதலில் நடுராத்திரி வேளையை நிறுத்துங்கள். மறுநாள் எடை இறங்காமல் இருந்தால் இன்னொரு வேளையைக் குறையுங்கள். இறங்கினால் பழையபடி கொடுங்கள். தழையை மட்டும் சாப்பிட்டுப் புல்லைத் தொடாவிட்டால் இன்னும் சரியாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் வளரும் பல்லைத் தேய்ப்பதும் அந்தப் புல்தான்.

செம்பிக்கு ஒன்பது நாள் ஊட்டினேன். ஆறாம் நாள் துண்டில் மிளகு அளவுப் புழுக்கைகளுக்கு நடுவே நிலக்கடலை அளவில் நாலு புழுக்கை தெரிந்தது. பத்தாம் நாள் காலை சிரிஞ்சைக் கண்டதும் முன்னங்காலால் தள்ளிவிட்டு, கம்பித் தட்டிக்குப் போய் சிட்டு பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புல்லை இழுத்துத் தின்றது. அன்று எடை 904. அடுத்த ஒரு மாதம் வாரம் இரண்டு முறை நிறுத்துப் பார்த்து எழுதினேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.